யாழினியின் இடது இமை

என் மகள் யாழினியின் இடது இமையில் இருந்த சிவப்புப் புள்ளியை முதலில் பார்த்தவள் நான்தான். அது ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னவளும் நான்தான்.

நான் கிராம சுகாதார செவிலியர். 2005-இல் ஆலத்தியூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், துணை சுகாதார நிலையத்தில் இருந்தேன். அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்துக்குள் சேர்ந்திருந்தது. மாதக் கூட்டத்துக்குப் பெரம்பலூருக்குத்தான் பஸ் ஏறுவோம். சுற்றியுள்ள நான்கு ஊர்களிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, ஊசி போடுவது, சொட்டு மருந்து கொடுப்பது என் வேலை. கணவர் முருகேசன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, ஆடி மாதக் கடைசியில் யாழினி பிறந்தாள்.

பன்னிரண்டாம் நாள் குளிப்பாட்டும்போது இமையில் கொசு கடித்தது மாதிரி ஒரு சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தினால் வெளுத்தது, எடுத்தால் மறுபடி சிவந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு இப்படி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தாய்மார்கள் பயந்துபோய்க் கேட்கும்போது, தானாகப் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது வாரத்தில் அது கோவைப்பழ நிறத்தில் மேடு கட்டியது. பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இரத்தக் குழாய்கள் கூடி வளர்ந்த கட்டி, புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம், ஒரு வயதுக்கு மேல் தானாகக் கரையத் தொடங்கும், கை வைக்காமல் விட்டுவிடுங்கள் என்றார். அவர் சொன்னது தப்பில்லை. முதுகிலோ தொடையிலோ வந்திருந்தால் அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கட்டி இருந்த இடம் இமை. பத்தாவது வாரத்தில் அதன் கனம் தாங்காமல் இமை இறங்கிவிட்டது. குழந்தை வலது கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடது கண்ணில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் பார்வதி அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. தா.பழூரில் கட்டிக்கொடுத்தது. பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. குழந்தையை வாங்கி மடியில் போட்டு, கட்டியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"நீ வயித்துப் புள்ளையோட அஞ்சாம் மாசத்துல எங்க ஊருக்கு வந்திருந்தப்ப வைக்கப்போர் தீப்பிடிச்சுதே, ஞாபகம் இருக்கா? நீ பயந்துபோயி மூஞ்சில கை வச்ச. நான் பாத்தேன்."

இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் நம்பாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவள் நான். ஆனால் அன்று அண்ணி போனதும் கண்ணாடி முன்னால் நின்று, தீயைப் பார்த்தபோது எந்தக் கையை எங்கே வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். இடது கையை இடது கண்ணில் வைத்த மாதிரிதான் இருந்தது. படித்த படிப்பு அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

பெரம்பலூர் மருத்துவமனையில் குழந்தை டாக்டர் கட்டியை அதிகம் பார்க்கவில்லை. டார்ச் லைட்டை எடுத்து இமையைத் தூக்கிப் பிடித்து, கண்மணியைப் பார்த்தார். எத்தனை நாளாக மூடியிருக்கிறது என்று கேட்டார். இரண்டு வாரம் என்றேன். "நாளைக்கே திருச்சிக்குப் போயிடுங்க," என்றார். கட்டியால் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் கண்ணுக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அது ஐப்பசி மழை. ரோடெல்லாம் தண்ணீர். சுரங்கத்தில் வேலை நின்றிருந்ததால் கணவருக்கு லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை. குழந்தையைப் பிளாஸ்டிக் தாளுக்குள் பொதிந்துகொண்டு பஸ் ஏறினோம். அண்ணிக்குத் தகவல் மட்டும்தான் சொல்லியிருந்தோம். நடவு முடிந்து களை எடுக்கும் நேரம், அவர் வருவார் என்று நினைக்கவில்லை. மறுநாள் காலையில் வார்டு வாசலில் ஒரு கூடையும் ஃபிளாஸ்க்குமாக நின்றுகொண்டிருந்தார். எப்படி வந்தீங்க என்று கேட்டதற்கு, பஸ்ல, என்றார்.

திருச்சியில் முதல் மூன்று நாள் காத்திருப்பதிலேயே போனது. ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர், பின்னால் அதைவிட அதிகம். நான் எத்தனையோ தாய்மாரை இப்படி வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன். அழுகிற குழந்தையைச் சமாளிக்கத் தெரியவில்லையா என்றுகூடக் கடிந்திருக்கிறேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது அந்த முகங்களில் இரண்டு மூன்று நினைவுக்கு வந்தன.

ஸ்கேனில் கட்டிக்குள் ஓடும் இரத்தம் சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். பின்னால் போகவில்லை. ஈரலில் இதே மாதிரி ஏதும் இருக்கிறதா என்று வயிற்றையும் பார்த்தார்கள். இல்லை. ஒவ்வொரு "இல்லை"க்கும் என் கணவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் கண் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். வயதானவர், மெதுவாகப் பேசினார். பிறந்த குழந்தைக்குப் பார்க்கத் தெரியாது, பார்த்துப் பார்த்துத்தான் மூளை கற்றுக்கொள்கிறது, இந்த மாதங்களில் ஒரு கண் மூடியே இருந்தால் மூளை அந்தக் கண்ணை விட்டுவிடும், பிறகு கட்டி கரைந்து இமை திறந்தாலும் பார்வை வராது என்றார். போதாததற்குக் கட்டி விழியை அமுக்கி, அதன் வளைவையும் மாற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி. சீக்கிரம் கேட்கும்; ஆனால் அபூர்வமாக மருந்து கண்ணுக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்துவிட்டால் அந்தக் கண் போய்விடும். இன்னொன்று, அதே மருந்தை வாய்வழியாக மாதக்கணக்கில் கொடுப்பது. முகம் உப்பும், வளர்ச்சி கொஞ்சம் நிற்கும், இரத்த அழுத்தம் ஏறலாம், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். அம்மை மாதிரி எதுவும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "நீதான் நர்சு. நீ சொல்லு."

எனக்கு அந்த இடத்தில் நர்சாக இருக்கப் பிடிக்கவில்லை. யாராவது முடிவு பண்ணிச் சொன்னால் தலையாட்டுகிற தாயாக இருக்க ஆசைப்பட்டேன். வாய்வழி மருந்தே கொடுங்கள் என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து மருந்து. மாத்திரையைப் பொடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலில் கலந்து, பாலாடையில் ஊட்டுவோம். கசப்பில் முகத்தைச் சுளித்து முழுவதையும் துப்புவாள். மறுபடி ஊட்ட வேண்டும். தினமும் எடை, இரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை. ஆரம்ப நாட்களில் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒன்பது நாள் வார்டில் வைத்துக்கொண்டார்கள். அண்ணி ஊருக்குப் போகவில்லை. காலையில் நான் குளிக்கப் போகும்போது குழந்தையை வைத்திருப்பார், மத்தியானம் எனக்குச் சோறு வாங்கி வருவார், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். வைக்கோல் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதே எனக்குப் பேசுவது மாதிரி இருந்தது.

வார்டில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். ஒருநாள் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, நான் செவிலியர் என்று தெரிந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பல நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"இது எதனால வருது டாக்டர்? நான் ஏதாவது பண்ணியிருப்பேனா?"

அவர் சிரிக்கவில்லை. குழந்தையின் இமையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கரு வளரும்போது உடம்பு முழுக்க இரத்தக் குழாய் கட்ட வேண்டும். குழாயின் உள்சுவராக மாறப் போகிற இளஞ்செல்கள் சில உண்டு. முன்னோடிச் செல்கள் என்று பெயர். அவை இன்னும் சுவராக ஆகவில்லை; எங்கே தேவையோ அங்கே போய் ஒட்டி, பெருகி, சுவராகும். பிறந்த பிறகும் இரத்தத்தில் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த மாதிரிக் கட்டி வந்த குழந்தைகளிடம் அந்தச் செல்களைப் பார்த்திருக்கிறார்கள்; கட்டிக்குள்ளும் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் ஏதோ ஒன்று, போகக் கூடாத இடத்தில் தங்கி, நிறுத்தச் சொல்லும் கட்டளை கேட்காமல் குழாய்மேல் குழாயாகக் கட்டிக்கொண்டே போகிறது என்று நினைக்கிறார்கள். நஞ்சுக்கொடியிலிருந்து வந்த செல்லாக இருக்குமோ என்றும் சிலர் சொல்கிறார்கள்.

"இன்னும் முழுசாத் தெரியாதுங்க. இப்பதான் கண்டுபிடிச்சிட்டிருக்காங்க. நம்ம கொடுக்கிற மருந்து ஏன் கேக்குதுன்னுகூட முழுசாச் சொல்ல முடியாது," என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பார்வதி அண்ணியிடம் திரும்பி, நாற்றை வைத்துச் சொன்னேன். நட்ட வயலில் நிற்காமல் வாய்க்கால் கரையில் ஒட்டிக்கொண்ட நாற்று மாதிரி; அங்கேயும் வேர் பிடித்துத் தூர் கட்டுகிறது என்றேன். டாக்டர் அதைக் கேட்டு, ஆமாம், அப்படியும் சொல்லலாம், தூர் கட்டுகிற காலம் முடிந்ததும் தானாக வாடும், கடைசியில் அந்த இடத்தில் கொஞ்சம் கொழுப்பு மட்டும் மிஞ்சும் என்றார்.

அண்ணி அதுவரை வெற்றிலைப் பையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி டாக்டரைக் கேட்டார்.

"அப்ப இவ நெருப்பப் பாத்து மூஞ்சியத் தொட்டதுனால இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா. இவங்க செஞ்சதுனாலயும் இல்ல, செய்யாததுனாலயும் இல்ல. யாருக்கு வேணும்னாலும் வரலாம்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அண்ணி பாலாடையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். சாதாரணமாக இரண்டு நிமிடத்தில் கழுவிக்கொண்டு வருகிறவர், வெகுநேரம் கழித்து வந்தார். பாலாடையைத் துணியில் துடைத்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் சொன்னத மனசுல வச்சுக்காத சுமதி. எனக்கும் பயம். யாரையாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக அன்றுதான் அழுதேன்.

கார்த்திகையில் வீட்டுக்கு வந்தோம். மூன்றாவது வாரத்தில் கட்டியின் நடுவில் சாம்பல் நிறம் படர்ந்தது. வளர்ச்சி நின்றதற்கு அதுதான் அடையாளம் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, தை பிறந்தபோது இமை பாதி திறந்தது. ஆனால் குழந்தையின் முகம் பூரணச் சந்திரனாக உப்பியிருந்தது. கன்னம் தொங்கியது. எந்நேரமும் பசி, எந்நேரமும் அழுகை. தெரியாதவர்கள் "கொழுகொழுன்னு இருக்கே" என்பார்கள். நான் எடை மட்டும் ஏறி உயரம் ஏறாத அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலைக்குத் திரும்பியதும் போலியோ சொட்டு மருந்து நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மருந்து சாப்பிடும் என் மகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று திருச்சியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சொட்டு மருந்து போட்ட குழந்தைகளோடு சில வாரம் சேர விட வேண்டாம், நீங்களும் கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தூக்குங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். அன்று அண்ணிதான் வந்து வீட்டில் வைத்துக்கொண்டார்.

பதினொரு மணி இருக்கும். கனகா தன் ஒரு வயதுப் பையனோடு வந்தாள். முன்பெல்லாம் எந்த ஊசிக்கும் எளிதில் வரமாட்டாள். அவன் வயிற்றில் இருந்ததிலிருந்து இரண்டு வருஷமாக அவள் வீட்டு வாசலில் நின்று பேசிப் பேசி வரவழைத்திருந்தேன். பையனின் வாயைத் திறக்கப் போனேன். அவள் அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உங்க பாப்பாவுக்குப் போட்டாச்சா நர்சம்மா?"

வரிசையில் நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். போட்டாச்சு என்று சொல்லிவிடலாம். என் மகளின் சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்று யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. சொன்னால் வரிசை நகரும். ஆனால் வாய் வரவில்லை.

"போடல கனகா. அவளுக்குப் போடக் கூடாது," என்றேன். ஏன் என்று சொன்னேன். அவள் கண்ணுக்காகக் கொடுக்கிற மருந்து, அது உடம்பின் எதிர்ப்பை எப்படிக் குறைக்கிறது, நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் அவளுக்குச் சொட்டு மருந்து போடலாம் என்பது எல்லாம். உன் பையனுக்கு அப்படி எதுவும் இல்லை, அவனுக்குப் போட்டே ஆக வேண்டும் என்றேன்.

கனகா பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் போனார்கள். மேசையில் என்னோடு இருந்த அங்கன்வாடி டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில், இதை இப்போது சொல்லியிருக்க வேண்டுமா என்ற கேள்வி இருந்தது. எனக்கும் அதே கேள்விதான்.

மறுநாள் விட்டுப்போன குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டும். நான் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும்போது கனகாவே எங்கள் வாசலுக்கு வந்தாள். பையனைக் கூட்டி வரவில்லை. வாசற்படியில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். அண்ணி மடியில் யாழினி இருந்தாள். உப்பிய முகமும், சாம்பல் பூத்த கட்டியும், பாதி திறந்த இமையும் அவளுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே வா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"எம்மவன் நேத்து சளியில கெடந்தான். பாப்பாவுக்கு ஒட்டிக்கும்," என்றாள். பிறகு, "வூட்டுக்கு வந்து அவனுக்குப் போட்டுட்டுப் போங்க. மத்தவங்க மூணு பேரையும் நானே கூப்புட்டு வச்சிருக்கேன்," என்றாள்.

நான்கு பேருக்கும் போட்டுவிட்டு வந்தேன்.

மாசியில் திருச்சிக்குப் போனபோது இமை முக்கால் திறந்திருந்தது. மருந்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள். ஆனால் கண் டாக்டர் பிளாஸ்திரி ஒன்றை எடுத்தபோது எனக்குப் புரியவில்லை. அதை அவர் நல்ல கண்ணின்மேல் ஒட்டினார். மூடிக் கிடந்த இடது கண் சோம்பேறியாகிவிட்டது, வலது கண் இருக்கும்வரை மூளை அதைத் தேடாது, அதனால் தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணை மூடி வையுங்கள் என்றார். அமுங்கிய விழிக்காக ஒரு குட்டிக் கண்ணாடியும் எழுதிக் கொடுத்தார். இடது கண்ணில் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, பிள்ளைதான் காட்ட வேண்டும் என்றார்.

பிளாஸ்திரி ஒட்டும் நேரம் எங்கள் வீட்டில் போர்க்களம். கண்ணாடியை இழுத்து எறிவாள், பிளாஸ்திரியைப் பிய்ப்பாள், கன்னத்துத் தோல் சிவந்துவிடும். பிய்க்க முடியாதபோது அசையாமல் உட்கார்ந்து அழுவாள். கிலுகிலுப்பையை முன்னால் ஆட்டினால் சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்புவாள். நீட்டிய கை வேறெங்கோ போகும். அவள் என்னைத் தேடிக் காற்றில் துழாவுவதைப் பார்க்க முடியாமல், ஒருநாள் ஒரு மணி நேரத்திலேயே பிரித்துவிட்டேன். அன்று வேலை முடிந்து வந்த என் கணவர், மிச்ச நேரத்துக்கு அவரே புதுசாக ஒன்றை ஒட்டினார். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, ரோட்டில் போகிற லாரியையெல்லாம் காட்டிக்கொண்டே நடந்தார். அதற்குப் பிறகு நான் நேரம் முடியாமல் பிரிக்கவில்லை.

சித்திரை மாதம். எட்டு மாதம் முடிந்து தவழ ஆரம்பித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வலது கண்ணில் பிளாஸ்திரியோடு அவளைச் சிமெண்டுத் தரையில் விட்டிருந்தோம். அவள் அழாமல் இருந்ததே முதலில் எங்களுக்கு உறைக்கவில்லை. நான் கணவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் என் முழங்கையைத் தொட்டார்.

யாழினி குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சாண் தள்ளி ஒற்றைக் கறுப்பு எறும்பு போய்க்கொண்டிருந்தது. சத்தம் கிடையாது, வாசனை கிடையாது. ஆள்காட்டி விரலை நீட்டி அதன்மேல் வைக்கப் போனாள். எறும்பு விலகியது. விரலும் விலகியது. எறும்பு சுவரோரமாகத் திரும்பியது. விரலும் திரும்பியது.

"பேசாத," என்றார் அவர். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எறும்பு சுவர் இடுக்குக்குள் போய் மறையும்வரை அவள் அதை விடவில்லை.